சீன ரசிக ஓவியர்களை இணையத்தில் கொண்டாடுவது எப்படி? பெயரிலிருந்து தொடங்குங்கள்

சென்ற ஆண்டு என் கைப்பேசிக்கு ஒரு குரங்கரசன் படம் வந்தது. 'மேற்கு நோக்கிய பயணம்' என்ற பழைய சீனக் கதையின் நாயகன் சுன் வூகோங். சீன நாடக மேடையில் வருவதுபோலத் தலையில் இரண்டு நீண்ட இறகுகள், காற்றில் சுழலும் வால். அதே படம் மூன்று பக்கங்களில் கண்ணில் பட்டது. இரண்டில் கீழ் மூலை வெட்டப்பட்டிருந்தது. மூன்றாவதில் மூலை அப்படியே இருந்தது. இடது இறகின் அடியில் நகக்கீற்று அளவில் ஒரு சிவப்புச் சதுரம், ஓவியரின் முத்திரை. அதன் கீழேயே "படம்: இணையம்" என்று போட்டிருந்தார்கள். எனக்கு மனம் பொறுக்கவில்லை. யாரோ ஒரு ரசிக ஓவியர், அதாவது தமக்குப் பிடித்த கதைமாந்தரை ஆசையாக வரைபவர், இரவெல்லாம் கண்விழித்து வரைந்த படம் அது.

பிடித்த படைப்பாளியைப் பத்துப் பேருக்குக் காட்ட ஆசைப்படும் புதியவர்களுக்காக, நான் கற்றுக்கொண்ட வழியை எழுதுகிறேன். சீன மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை.

முதல் படி: மூலப் படத்தைத் தேடுங்கள்

கிடைத்ததிலேயே பெரிய, வெட்டுப்படாத படத்தை, படத்தை வைத்தே தேடும் கூகுள் லென்ஸில் கொடுங்கள். அனிமே (ஜப்பானிய அசைபட) பாணி ஓவியம் என்றால், படத்தின் மூலத்தைத் தேடித்தரும் சாஸ்நவ் (SauceNAO) தளம் இன்னும் நன்றாகப் பிடிக்கும். ஓவியர்கள் படம் பகிரும் ஜப்பானியத் தளமான பிக்சிவில் (Pixiv) படம் இருந்தால் நேராக அங்கே கொண்டுபோய்விடும். சீன ரசிக ஓவியர்கள் பெரும்பாலும் வெய்போ, லாஃப்டர், பிலிபிலி, சியாவ்ஹோங்ஷூ ஆகிய தளங்களில் இருக்கிறார்கள். கிடைக்கும் பதிவுகளில் தேதியால் மிகப் பழையதைத் தேடிப் போங்கள்.

இரண்டாம் படி: நீர்க்குறியையும் கையெழுத்தையும் பிரித்தறியுங்கள்

புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். நானும் தவறியிருக்கிறேன். வெய்போவில் படம் ஏற்றினால், கண் போன்ற சின்னத்தோடு கணக்கின் பெயர் வழக்கமாகத் தானாகவே படத்தின் மேல் பதிந்துவிடும். இதுதான் நீர்க்குறி. அது ஏற்றியவரின் பெயர். வரைந்தவரின் பெயராக இருக்கவேண்டும் என்பதில்லை. வேறொருவர் எடுத்துப் போட்டால் அவர் பெயர்தான் அங்கே நிற்கும். சில படங்களில் இப்படி இரண்டு மூன்று பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும்.

கையெழுத்து அப்படியல்ல. அது படத்தோடு கலந்திருக்கும்: ஆடையின் மடிப்பில், பாறையின் விளிம்பில், சிறு முத்திரையாக. படத்தைப் பெரிதாக்கி மூலை மூலையாகப் பாருங்கள். கிடைத்ததும், அதே கையெழுத்து அந்தக் கணக்கின் மற்றப் படங்களிலும் இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். முடிக்காத கோட்டோவியங்களும் வரையும் காணொளியும் அங்கே இருந்தால் ஆள் அவர்தான் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம்.

மூன்றாம் படி: அவர் வைத்திருக்கும் எல்லையைப் படியுங்கள்

கணக்கின் முகப்பில் ஒரு நான்கெழுத்துத் தொடர் இருக்கிறதா என்று பாருங்கள். அதன் முதல் எழுத்தை அடையாளம் காண்பது எளிது: மேலே இரண்டு மரங்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், கீழே இரண்டு கிடைக்கோடுகளும் மூன்று கால்களும். 'தடை' என்பது அதன் பொருள். முழுத் தொடர் 'ஜின்ஜி ஜுவான்த்சாய்', அதாவது எடுத்துப் பதிவிடக் கூடாது. 'இரண்டாம் பதிவேற்றமும் இரண்டாம் திருத்தமும் வேண்டாம்', அதாவது பிறர் மறுபடி ஏற்றவோ மாற்றவோ கூடாது என்று எழுதுபவர்களும் உண்டு. செயற்கை நுண்ணறிவுக்குத் தீனியாக்காதீர்கள் என்ற வரியும் இப்போது பல கணக்குகளில் தென்படுகிறது. மொழிபெயர்ப்புச் செயலி இவற்றைக் காட்டிவிடும். தடை இருந்தால் படத்தைத் தொடாதீர்கள்; சுட்டி கொடுத்து உங்கள் சொற்களால் படத்தை விவரியுங்கள்.

நான்காம் படி: அனுமதி கேளுங்கள்

தடை எழுதியிராவிட்டாலும் கேட்பதே முறை. சிறு வாக்கியங்களாக எழுதி மொழிபெயருங்கள்; நீண்ட வாக்கியம் சிதைந்துபோகும். 'லாவ்ஷி' என்று அழைத்துத் தொடங்கலாம். ஆசிரியர் என்று பொருள். ஓவியர்களை மரியாதையாக விளிக்க அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். நீங்கள் யார், எந்தப் படம், எங்கே பகிரப்போகிறீர்கள், காசு வாங்கவில்லை: இவ்வளவு போதும். பதில் வராவிட்டால் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சீன ரசிகர்கள் இத்தகைய படைப்புகளைத் 'தானியம்' என்றும், படைப்பவர்களைத் தானியம் விளைவிப்பவர்கள் என்றும் சொல்வார்கள். படியளப்பவர் என்று நாம் சொல்வோமே, அதற்கு மிக அருகில் வரும் சொல். எனக்கு மிகவும் பிடித்த வழக்கு.

ஐந்தாம் படி: பதிவை எழுதுங்கள்

பெயரை முதல் வரியிலேயே போடுங்கள், சீன எழுத்தில். ரோமன் எழுத்தில் மட்டும் எழுதினால் ஒரே உச்சரிப்புள்ள பலரோடு குழம்பிவிடும். பிறகு தளம், நேரடிச் சுட்டி, 'அனுமதியுடன்' என்ற சொல். 'அருமை, அழகு' என்று நிறுத்தாமல், உங்கள் கண் எங்கே நின்றதோ அதை எழுதுங்கள்.

அருங்காட்சியகங்களில் இடம்பெறும் சமகாலக் கலைஞர்களைப் பற்றி எழுதும்போது சில விவரங்கள் கூடும்: படைப்பின் பெயர், ஆண்டு, ஊடகம், படத்தின் உரிமை யாரிடம் என்பது. ரசிகப் படைப்பிலிருந்து அந்த உலகுக்குள் நுழைய நல்ல வாசல் சீனக் கலைஞர் த்சாவ் ஃபெய். குவாங்சோ நகரில் 1978-இல் பிறந்தவர்; குடும்பப் பெயர் த்சாவ், சீன முறைப்படி முன்னால் வருகிறது. 2004-இல் அவர் எடுத்த 'காஸ்பிளேயர்ஸ்' காணொளியில், அனிமே பாத்திரங்களின் உடையணிந்த இளைஞர்கள் குவாங்சோவின் கட்டடங்களுக்கும் வெற்று நிலங்களுக்கும் நடுவே போரிடுகிறார்கள். கடைசியில் அதே உடையோடு வீடு திரும்புகிறார்கள், வீட்டிலிருப்பவர்கள் கண்டுகொள்வதேயில்லை. ரசிகர்களைக் கேலி செய்யாமல் இவ்வளவு பரிவோடு பார்த்த படைப்பு வேறொன்று எனக்குத் தெரியாது.

ஆறாம் படி: திருப்பிக் கொடுங்கள்

பதிவின் சுட்டியைப் படைப்பாளிக்கு அனுப்புங்கள். வாசகர்கள் எழுதும் கருத்துகளில் இரண்டு மூன்றை மொழிபெயர்த்துச் சேர்த்தனுப்புங்கள். 'சாங்பிங்' எனப்படும் நீண்ட விமர்சனம், வெறும் விருப்பக்குறியைவிட அங்கே பெரிய பரிசு.

அந்தக் குரங்கரசன் ஓவியரை நான்கு நாள் தேடிக் கண்டுபிடித்தேன். அனுமதி தந்தார். என் பதிவின் கீழ் ஒரு வாசகி, "இந்த வாலைப் பார்த்தால் எங்கள் ஊர் ஆஞ்சநேயர் ஞாபகம் வருகிறது" என்று எழுதியிருந்தார். மொழிபெயர்த்து அனுப்பினேன். மறுநாள் காலையில் ஓவியரிடமிருந்து ஒரு வரி வந்திருந்தது: அந்த ஆஞ்சநேயரின் படம் கிடைக்குமா, வால் எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்க்க வேண்டும்.