விருதுநகர் காமராஜர் இல்லம்: போகும் முன் தெரிந்துகொள்ள

ஊருக்கு வரும் வெளிநாட்டுத் தமிழர்களின் பட்டியலில் மதுரை மீனாட்சி இருப்பாள், ராமேஸ்வரம் இருக்கும். மதுரைக்குத் தெற்கே ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிற விருதுநகர் பெரும்பாலும் இருக்காது. கோயில் கோபுரமோ அருவியோ அங்கே இழுக்காது என்பது உண்மைதான். ஆனால் முன்னாள் முதலமைச்சர் காமராஜரின் வீடு இங்கேதான் இருக்கிறது; அரசியல்வாதி என்றாலே முகம் சுளிக்கிற பிள்ளைகளை அழைத்து வருகிறவர்கள் அரை நாளை இந்த ஊருக்கு ஒதுக்கலாம்.

மதுரை விமான நிலையம் நகரத்துக்குத் தெற்கே, விருதுநகர் போகும் திசையிலேயே இருக்கிறது. கொழும்பிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வந்து இறங்குகிறவர்கள் மதுரை நெரிசலுக்குள் நுழையாமலேயே டாக்சியில் போய்விடலாம். பஸ் என்றால் மாட்டுத்தாவணியில் ஏற வேண்டும். சென்னையிலிருந்து நெல்லை எக்ஸ்பிரஸும் பொதிகை எக்ஸ்பிரஸும் இரவில் கிளம்பி, விடியும் வேளையில் விருதுநகர் சந்திப்பில் இறக்கிவிடும். வீடு கடைவீதிப் பக்கத்தில் குறுகிய தெருவில் இருக்கிறது. காரைத் தெப்பக்குளம் பக்கம் நிறுத்திவிட்டு நடப்பதே நல்லது. பருப்பும் மிளகாய் வற்றலும் எண்ணெயும் மொத்த விலைக்குக் கைமாறுகிற ஊர் இது; தெருவில் மூட்டை வண்டிக்குத்தான் முதல் மரியாதை. "காமராஜர் வீடு எங்கே?" என்று எந்தக் கடையிலும் கேட்கலாம்.

1903 ஜூலை 15 அன்று, இந்த ஊர் விருதுப்பட்டியாக இருந்தபோது, குமாரசாமி நாடாருக்கும் சிவகாமி அம்மாளுக்கும் பிறந்தவர் காமராஜர். சிறு வயதிலேயே தந்தை போய்விட்டார். படிப்பும் பாதியில் நின்றது, மாமாவின் துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அவர் படித்த சத்திரிய வித்யாசாலா பள்ளி இன்றும் இயங்குகிறது. வீட்டைப் பார்க்கிறவர்கள் அதையும் வெளியே நின்றாவது பார்க்க வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்து, அப்படிச் சேர்ந்த அரிசியைக் கொண்டு நடத்தப்பட்ட பள்ளி அது. அங்கே படித்த பையன் முதலமைச்சரானபின் 1956இல் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். பிடி அரிசியிலிருந்து மதிய உணவுக்கு ஒரு நேர்கோடு போட எனக்கு ஆசைதான். அவ்வளவு எளிதாகப் போட்டுவிடவும் தயக்கமாக இருக்கிறது.

வீட்டுக்குள் இருப்பவை பெரும்பாலும் புகைப்படங்கள். பத்து நிமிடத்தில் பார்த்து முடித்துவிட்டு 'இவ்வளவுதானா?' என்று வெளியே வருகிறவர்கள் உண்டு. அதனால் ஒரு கதையைப் பிள்ளைகளுக்கு வண்டியிலேயே சொல்லிவிடுங்கள். முதலமைச்சரின் தாயார் தெருக்குழாய்க்குப் போக வேண்டாமே என்று நகராட்சிக்காரர்கள் இந்த வீட்டுக்குத் தனிக் குழாய் போட்டுக் கொடுத்தார்களாம். செய்தி அறிந்த காமராஜர் அதைப் பிடுங்கச் சொல்லிவிட்டார் என்பது ஊரறிந்த கதை. அந்த அம்மாள் நின்ற தெருவும் நீங்கள் நடந்து வந்த தெருவும் ஒன்றுதான். பிறகு உள்ளே போனால் சுவர்களின் நெருக்கமே கண்காட்சியாகிவிடும். இன்னொன்று, சிறையில் இருக்கும்போதே 1941இல் விருதுநகர் நகராட்சித் தலைவராக இவரைத் தேர்ந்தெடுத்தார்கள். விடுதலையாகி வந்தவர், முழு நேரமும் பார்க்க முடியாத பதவி தனக்கு வேண்டாம் என்று ராஜினாமா செய்துவிட்டார்.

நினைவு இல்லங்களின் குறை, எல்லாமே புகழ்ச்சியாகிவிடுவது. இந்த ஊர் புகழ் மட்டும் பாடிய ஊர் அல்ல. இவர் முதலமைச்சராக இருந்தபோதுதான், 1956இல், மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்கக் கோரி இதே விருதுநகரில் சங்கரலிங்கனார் உண்ணாவிரதம் இருந்தார். எழுபது நாட்களுக்கு மேல் பட்டினி கிடந்து அக்டோபர் 13 அன்று உயிர் நீத்தார். பெயர் மாறியதோ 1969இல், அண்ணா ஆட்சியில். சங்கரலிங்கனாருக்கும் ஊரில் மணிமண்டபம் இருக்கிறது. இரண்டையும் ஒரே காலையில் பார்ப்பதுதான் நியாயம். 1967 தேர்தலில் பெ. சீனிவாசன் என்ற இளம் தி.மு.க. வேட்பாளரிடம் சொந்த ஊரிலேயே 1,285 வாக்குகளில் காமராஜர் தோற்றார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டு பிரதமர்களைத் தேர்ந்தெடுப்பதில் முன்னின்றவர் அவர்!

மாலை வரை தங்கினால் எண்ணெய் பரோட்டா சாப்பிடாமல் கிளம்பாதீர்கள். எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்து, பிய்த்துப் போட்டு, சால்னா ஊற்றித் தருவார்கள். பங்குனியில் பராசக்தி மாரியம்மன் கோயில் பொங்கல் நடக்கும். அப்போது போனால் திருவிழாவும் கிடைக்கும், கூட்டமும் கிடைக்கும்.

சென்னையில் இன்னொரு வீடு இருக்கிறது. தியாகராய நகர் திருமலைப் பிள்ளை சாலையில் அவர் வாடகைக்குக் குடியிருந்தது, 1975 அக்டோபர் 2 அன்று காலமானதும் அங்கேதான். பிறகு அரசு அதை நினைவு இல்லமாக்கியது. அவர் பயன்படுத்திய பொருட்கள் அங்கே இருப்பதால், கண்ணால் பார்க்க விருதுநகரை விட அங்கே அதிகம் உண்டு. எம்.ஜி.ஆர். நினைவு இல்லமும் அதே தியாகராய நகரில் ஆற்காடு தெருவில்தான். ஆனால் சென்னை வீட்டை முதலில் பார்த்துவிட்டால் விருதுநகர் வெறுமையாகத் தோன்றும். முடிந்தால் விருதுநகரை முதலில் வையுங்கள்.

இரண்டு இடங்களுக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. விடுமுறை நாளில் பூட்டியிருந்து ஏமாறாமல் இருக்க, முந்தைய நாளே உள்ளூரில் யாரிடமாவது விசாரித்துக்கொள்ளுங்கள். கோடை விடுமுறைக்கு வருகிறவர்கள் ஒரு தேதியைக் கவனிக்க வேண்டும். ஜூலை 15 கல்வி வளர்ச்சி நாள். மாலை போடக் கட்சிக்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். அந்த ஆரவாரத்தைப் பார்க்க விரும்பினால் அன்று போங்கள், நிதானமாக வீட்டைப் பார்க்க விரும்பினால் இரண்டு நாள் தள்ளிப் போங்கள்.