கிளவுட் சப்நெட் பிரிக்கும் முன் ஒரு எக்செல் தாள் போடுங்கள்

நாகர்கோவிலில் தலைமை அலுவலகம், மார்த்தாண்டத்தில் கடை, குலசேகரத்தில் ரப்பர் ஷீட் குடோன். பில்லிங் டேட்டாபேஸ் மட்டும் ஏடபிள்யூஎஸ் (அமேசானின் கிளவுட் சேவை) மும்பையில். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இப்படி இயங்கும் ஒரு நிறுவனத்துக்கு நெட்வொர்க் சரிசெய்து கொடுத்தேன். அலுவலகத்தையும் கிளவுட்டையும் இணைக்கும் விபிஎன் டனல் (இணையத்தின் வழியே போகும் பாதுகாப்பான தனிப் பாதை) 'அப்' என்று காட்டியது. ஆனால் தலைமை அலுவலக கம்ப்யூட்டரிலிருந்து சர்வருக்குப் பிங் (இணைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைச் செய்தி) போனால் பதில் வரவில்லை. காரணம் முழுக்க முழுக்க ஐபி முகவரிப் பங்கீடுதான். விபிஎன் அமைப்பது எப்படி என்று நிறைய பேர் எழுதிவிட்டார்கள். நான் அதற்கு முந்தைய வேலையை மட்டும் சொல்கிறேன்: எந்த இடத்துக்கு எந்த சப்நெட் (ஐபி முகவரிகளின் ஒரு தொகுதி) என்று எக்செல் தாளில் திட்டமிடுவது.

1. இருப்பதை எழுதுங்கள்

ஒவ்வொரு கிளையிலும் ரவுட்டருக்குள் போய் லேன் (கிளைக்குள் இருக்கும் நெட்வொர்க்) முகவரியைப் பாருங்கள். பிரிண்டர், சிசிடிவி ரெக்கார்டர், விரல்ரேகை மெஷின், எடைமேடை கம்ப்யூட்டர் ஆகியவற்றில் கையால் போட்ட ஐபி இருக்கும். அதையும் குறியுங்கள். நெட்வொர்க்கில் இருக்கும் கருவிகளைத் தேடித் தரும் என்மேப் மென்பொருளை ஓட்டினால் பெரும்பாலானவை வந்துவிடும். அணைத்து வைத்திருப்பவை வராது, எனவே கடையில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

நாங்கள் பார்த்ததில் மார்த்தாண்டமும் குலசேகரமும் ஒரே 192.168.1.0/24. (/24 என்றால் முதல் மூன்று எண்ணும் மாறாத 256 முகவரிகள்; சாய்கோட்டுக்குப் பின் வரும் எண் குறையக் குறைய தொகுதி பெரிதாகும்.) ரவுட்டர் வந்தபடியே விட்டால் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். இரண்டு கிளையும் ஒரே எண்ணில் இருந்தால், பதிலை எந்த டனலில் அனுப்புவது என்று கிளவுட்டுக்குத் தெரியாது.

2. மோதல் எங்கே ஒளிந்திருக்கிறது

இதில்தான் நேரம் போனது, அதனால் நிதானமாகவே எழுதுகிறேன். கிளவுட்டில் விபிசி (ஏடபிள்யூஎஸ்ஸுக்குள் நமக்கென்று இருக்கும் தனி நெட்வொர்க்) 10.0.0.0/16, அதாவது 10.0 என்று தொடங்கும் எல்லா முகவரியும். தலைமை அலுவலகம் 10.0.5.0/24. முன்பு அமைத்தவர் டீஃபால்ட்டாக வந்த எண்ணை அப்படியே ஏற்றிருந்தார்.

10.0.5.20 என்ற பில்லிங் கம்ப்யூட்டர், 10.0.12.8 என்ற கிளவுட் சர்வருக்குப் பிங் அனுப்புகிறது. அலுவலக ரவுட்டர் அதை டனலில் தள்ளுகிறது, சர்வருக்குப் போய்ச் சேர்கிறது. விபிசியின் போக்குவரத்துப் பதிவான ஃப்ளோ லாகில் 'அக்செப்ட்' என்றே இருக்கும். சர்வர் 10.0.5.20-க்குப் பதில் எழுதுகிறது. இப்போது விபிசியின் ரவுட் டேபிள் (எந்த முகவரிக்கு எந்த வழி என்ற பட்டியல்) பார்க்கிறது: 10.0.0.0/16 லோக்கல். பதில் டனல் பக்கமே திரும்பாமல் விபிசிக்குள்ளேயே தேடிவிட்டு மடிகிறது.

பொதுவாக /24 போன்ற குறுகிய ரவுட், /16-ஐ வெல்லும் என்று படித்திருப்பீர்கள். விபிஎன் வழியாகத் தானாகப் பரவும் ரவுட்டுக்கு இங்கே அது பொருந்தாது. விபிசியின் லோக்கல் ரவுட்டோடு மோதினால், எவ்வளவு குறுகியதாக இருந்தாலும் லோக்கலுக்கே முன்னுரிமை. இதைத் தெரிந்துகொள்ளாமல் ஃபயர்வால் விதிகளை மாற்றிக்கொண்டே இருந்தால் பலன் கிடைக்காது.

இன்னொன்று: விபிசியின் முதல் சிஐடிஆரை (10.0.0.0/16 போன்ற முகவரித் தொகுதியை) உருவாக்கிய பிறகு மாற்ற முடியாது. கூடுதலாக ஒன்றைச் சேர்க்கலாம், அவ்வளவுதான். அதனால் இந்தத் திட்டம் முதலிலேயே முடிந்திருக்க வேண்டும்.

3. மொத்தத் தொகுதியை ஒதுக்குங்கள்

தனியார் பயன்பாட்டுக்கு மூன்று வரிசைகள்: 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16. நான் 192.168-ஐ அலுவலகத்துக்கே தருவதில்லை. வீட்டிலிருந்து விபிஎன் போடும் ஊழியரின் வீட்டு ரவுட்டரும் பெரும்பாலும் அதே வரிசையில்தான் இருக்கும்.

நாங்கள் எடுத்தது 10.20.0.0/14. அதாவது 10.20 முதல் 10.23 வரை, ஃபயர்வாலில் ஒரே வரியில் எழுதலாம். /14 என்றால் இரண்டாம் எண் 4-ஆல் வகுபட வேண்டும், 10.21-இல் தொடங்க முடியாது.

- 10.20.0.0/16: கிளைகள். நாகர்கோவில் 10.20.1.0/24, மார்த்தாண்டம் 10.20.2.0/24, குலசேகரம் 10.20.3.0/24
- 10.21.0.0/16: மும்பை
- 10.22.0.0/16: ஹைதராபாத், இப்போதைக்குக் காலி
- 10.23.0.0/16: டெஸ்டிங்

4. விபிசிக்குள் வெட்டுவது

மும்பையின் மூன்று அவெய்லபிலிட்டி ஸோனுக்கும் (தனித்தனியாக இயங்கும் டேட்டா சென்டர் தொகுதிகள்) ஆப் சர்வர்கள்: 10.21.0.0/20, 10.21.16.0/20, 10.21.32.0/20. டேட்டாபேஸுக்கு 10.21.64.0/24 முதல் மூன்று /24. நடுவே இருக்கும் 10.21.48.0/20 வேண்டுமென்றே விட்டது.

/20-க்கு மூன்றாம் எண் 16-இன் மடங்கு. 10.21.8.0/20 என்று எழுதினாலும் அது உண்மையில் 10.21.0.0-இலிருந்து 10.21.15.255 வரைதான், முதல் சப்நெட்டோடு மோதும். சந்தேகம் வந்தால் ஐபிகால்க்கில் போட்டுப் பாருங்கள், மனக்கணக்கு வேண்டாம்.

ஒவ்வொரு சப்நெட்டிலும் முதல் நான்கும் கடைசி ஒன்றுமாக ஐந்து முகவரிகளை ஏடபிள்யூஎஸ் வைத்துக்கொள்ளும். /24-இல் 251, /28-இல் 11 மட்டுமே நமக்கு. மைக்ரோசாஃப்டின் கிளவுட்டான அஸூரிலும் ஐந்துதான் போகும். அங்கே விபிஎன் வந்து சேரும் கேட்வே சப்நெட்டுக்கு /27 அல்லது அதைவிடப் பெரியது ஒதுக்கிவிடுங்கள்.

குறித்து வைக்க நெட்பாக்ஸ் நல்ல மென்பொருள். ஆனால் நாலைந்து கிளை இருக்கும் கடைக்கு எக்செல் போதும், அதைத்தான் உரிமையாளரும் திறந்து பார்ப்பார். ஒரு கவனம்: ஐபியை எழுத்தாக வரிசைப்படுத்தினால் 10.21.112, 10.21.16-க்கு முன்னால் வந்து மோதல் கண்ணில் படாது. மூன்றாம் எண்ணைத் தனிப் பத்தியில் எண்ணாகவே வையுங்கள்.

5. கிளைகளை மாற்றுங்கள்

நாட் (போகும் வழியில் ஐபியை வேறொன்றாக மாற்றிக் காட்டுவது) போட்டு மோதலை மறைக்கலாம் என்பார்கள். வழி இருக்கிறது, பிரைவேட் நாட் கேட்வேயும் இருக்கிறது. ஆனால் பிறகு ஏதாவது பழுதானால் லாகில் தெரியும் ஐபி யாருடையது என்று தேடவே பாதி நாள் போய்விடும். சிறிய கிளையில் ஐபியை மாற்றுவதே நல்லது. முதலில் டிஹெச்சிபி ரிசர்வேஷன் (எந்தக் கருவிக்கு எந்த ஐபி என்று முன்கூட்டியே குறித்து வைப்பது), பிறகு கருவிகள், கடைசியில் ரவுட்டர். விபிசி மோதினால் 10.21-இல் புதிதாக ஒன்று கட்டி சர்வர்களை அங்கே கொண்டுபோங்கள். நாங்களும் அதையே செய்தோம்.

பின்சேர்க்கை: கிளைக்கு 172.17 வரிசையைக் கொடுத்த ஒருவர், கிளவுட்டில் ஒரு சர்வர் மட்டும் அந்தக் கிளைக்குப் பதில் தரவில்லை என்று எழுதியிருந்தார். அதில் டாக்கர் (மென்பொருள்களைத் தனித்தனிக் கண்டெய்னர்களாக ஓட்டும் கருவி) ஓடுகிறது. டாக்கரின் இயல்பான உள் நெட்வொர்க்கான பிரிட்ஜ் 172.17.0.0/16, எனவே பதில் சர்வருக்குள்ளேயே நின்றுவிடுகிறது. டாக்கர் கம்போஸ் உருவாக்கும் நெட்வொர்க்குகள் 172.18, 172.19 என்று மேலே போகும். ஏடபிள்யூஎஸ்ஸின் டீஃபால்ட் விபிசியும் 172.31.0.0/16 தான். கிளைகளை 172-இல் வைத்தே ஆக வேண்டுமென்றால், டாக்கர் டீமன் அமைப்பில் முகவரித் தொகுப்பை வேறு வரிசைக்கு மாற்றிவிட்டு, அந்த வரிசையையும் எக்செல்லில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.