ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் யாரும் நினைவூட்ட மாட்டார்கள்

நம் ஊர்க் கல்லூரிகளில் கட்டணம் கட்டக் கெடு முடிந்தால் அபராதத்தோடு கட்ட இன்னொரு தேதி வரும். அதுவும் தவறினால் துறைத் தலைவரைப் பார்த்து ஒரு கடிதம் கொடுத்தால் வழி பிறக்கும். ஜெர்மனிக்கு முதுகலை படிக்க வருகிறவர்கள் இந்த நம்பிக்கையை விமான நிலையத்திலேயே விட்டுவிடுவது நல்லது. இங்கே அலுவலர்கள் கெடுபிடியானவர்கள் அல்லர். கெடுவுக்கு முந்தைய நாள் போய் நின்றால் பொறுமையாக உட்கார வைத்து உதவுவார்கள். மறுநாள் போனால் அதே மனிதர் வருத்தம் தெரிவிப்பார், அவ்வளவுதான்.

முதல் இரண்டு வாரங்களில் எல்லாம் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். வீட்டுக்குக் குடிபோன 14 நாட்களுக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும். இதற்கு 'அன்மெல்டுங்' என்று பெயர். வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட குடியிருப்பு உறுதிச் சான்று இல்லாமல் இது நடக்காது. வாடகை ஒப்பந்தத்தை மட்டும் காட்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்தச் சான்றைத் தர மறுக்கும் வீட்டை எவ்வளவு மலிவாக இருந்தாலும் எடுக்காதீர்கள். விசாவுக்காக ஓராண்டுச் செலவை முன்கூட்டியே போட்டு வைக்கும், மாதாமாதம் மட்டுமே எடுக்கக்கூடிய 'முடக்கக் கணக்கில்' நீங்கள் போட்டு வந்த 11,904 யூரோவும் இங்கே நடப்புக் கணக்கு ஒன்றைத் திறந்த பிறகுதான் மாதம் 992 யூரோவாகக் கைக்கு வரத் தொடங்கும். எனவே முதல் மாதச் செலவுக்குத் தனியாகப் பணம் வைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவக் காப்பீட்டில் மட்டும் மலிவைப் பார்க்க வேண்டாம். 30 வயதுக்கு உட்பட்ட மாணவர்களுக்கு அரசு முறைக் காப்பீட்டில் மாணவர் கட்டணம் உண்டு. அதிலிருந்து விலக்குப் பெற்றுத் தனியார் காப்பீட்டுக்குப் போனால் படிப்பு முடியும் வரை பொதுவாகத் திரும்பி வர முடியாது. மாதம் சில பத்து யூரோ மிச்சம் என்று சொல்லும் முகவர்கள் இந்த விஷயத்தைச் சொல்வதில்லை. காப்பீட்டு நிறுவனமே உங்கள் நிலையைப் பல்கலைக்கழகத்துக்கு மின்னணு முறையில் தெரிவித்துவிடும். அந்தத் தகவல் போய்ச் சேரும் வரை சேர்க்கை முடியாது.

இங்கேதான் தமிழர்களுக்கே உரிய ஒரு சிக்கல் வருகிறது. மதிப்பெண் பட்டியலில் பெயருக்கு முன்னோ பின்னோ ஓர் இனிஷியல். கடவுச்சீட்டில் அதே எழுத்து தந்தை பெயராக விரிந்திருக்கும், சிலருக்குக் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாகவே இருக்கும். ஜெர்மன் படிவம் எதுவும் அந்தக் கட்டத்தைக் காலியாக விடாது. வங்கியில் ஒரு மாதிரி, காப்பீட்டில் ஒரு மாதிரி, பல்கலைக்கழகத்தில் ஒரு மாதிரி எழுதிவிட்டால் மூன்று பேரும் மூன்று ஆட்களைத் தேடிக்கொண்டிருப்பார்கள். கடவுச்சீட்டில் உள்ளது எவ்வளவு அலங்கோலமாக இருந்தாலும் அதை எழுத்துக்கு எழுத்து எல்லா இடத்திலும் எழுதுங்கள். பிறகு வரும் கடிதங்கள் எல்லாம் உங்கள் அப்பாவை விளித்தே வரும். பழகிவிடும்.

கடிதம் என்றதும் நினைவுக்கு வருகிறது: குடிபோன அன்றே தபால் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டுங்கள். பெயர் இல்லாத பெட்டியில் தபால்காரர் போட மாட்டார், அனுப்பியவருக்கே திரும்பிவிடும். வரி எண், காப்பீட்டு அட்டை, வங்கியின் ரகசிய எண் எல்லாம் இன்னும் தபாலில்தான் வருகின்றன. வீடு மாறினால் பல்கலைக்கழகம், வங்கி, காப்பீடு என ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். நகராட்சியில் சொன்னதை வைத்து மற்றவர்கள் திருத்திக்கொள்வார்கள் என்று இருந்துவிடாதீர்கள்.

இனி பல்கலைக்கழகத்துக்குள் வருவோம். உங்களுக்கு உண்மையில் வேண்டிய அலுவலகங்கள் இரண்டு. சேர்க்கையையும் கட்டணத்தையும் பார்ப்பது மாணவர் செயலகம். தேர்வு, மதிப்பெண், ஆய்வேடு சம்பந்தப்பட்ட எல்லாம் 'பிரூஃபுங்ஸாம்ட்' எனும் தேர்வு அலுவலகம். ஒன்றின் வேலை மற்றொன்றுக்குத் தெரியாது, கேட்டாலும் பதில் வராது. மின்னஞ்சலைப் பல்கலைக்கழக முகவரியிலிருந்து அனுப்புங்கள், பொருள் வரியிலேயே பதிவு எண்ணைப் போடுங்கள், ஒரு மின்னஞ்சலுக்கு ஒரு கேள்வி போதும். குடும்ப நிலைமையை விவரிக்கும் நீண்ட முன்னுரை இங்கே யார் மனதையும் கரைக்காது.

மாணவர் செயலகத்தோடு ஒவ்வொரு அரையாண்டும் ஒரே ஒரு வேலை உண்டு. அடுத்த பருவத்துக்கு மறுபதிவு, அதாவது 'ரூக்மெல்டுங்'. ஏப்ரலில் தொடங்கும் கோடைப் பருவத்துக்குப் பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியிலும், அக்டோபரில் தொடங்கும் குளிர்காலப் பருவத்துக்கு ஜூலை, ஆகஸ்டிலும் பருவக் கட்டணத்தைக் கட்ட வேண்டும். பணம் அனுப்பும்போது வங்கிப் படிவத்தில் 'காரணம்' என்ற வரி இருக்கும். அதில் பல்கலைக்கழகம் கொடுத்த எண்களை அப்படியே இட வேண்டும். 'செமஸ்டர் ஃபீஸ்' என்று எழுதி அனுப்பினால் பணம் போகும், ஆனால் யாருடையது என்று அவர்களுக்குத் தெரியாது. மறுபதிவு நடக்காவிட்டால் மாணவர் பட்டியலிலிருந்து பெயர் நீங்கும், அதைத் தொடர்ந்து விசா உரிமையும் ஆட்டம் காணும். பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலத்தில் படிப்பவர்கள் இதோடு பருவத்துக்கு 1,500 யூரோ கல்விக் கட்டணத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தேர்வு வேறு கதை. வகுப்பில் உட்கார்ந்திருப்பதாலேயே தேர்வெழுதும் உரிமை வந்துவிடாது. ஒவ்வொரு பாடத்துக்கும் இணையதளத்தில் நீங்களே பதிய வேண்டும். பிப்ரவரித் தேர்வுக்கான பதிவு பல இடங்களில் நவம்பர், டிசம்பரிலேயே முடிந்துவிடும், அப்போது பாடம் பாதிகூட நடந்திருக்காது. பதிந்துவிட்டுப் போகாமல் இருந்தால் 5.0, அதாவது தோல்வி. இங்கே 1.0 மிகச் சிறந்த மதிப்பெண், 4.0 தேர்ச்சியின் கடைசிப் படி. தயாராக இல்லையென்றால் விலகலுக்கான தேதிக்குள் விலகிவிடுங்கள், அது கணக்கில் ஏறாது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. அரியர் வைத்து, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பழகியவர்கள் நாம். இங்கே பெரும்பாலான படிப்புகளில் ஒரு தேர்வுக்கு மூன்று முயற்சிகள்தான். கட்டாயப் பாடம் ஒன்றில் மூன்றாவது முறையும் தோற்றால் 'இறுதியாகத் தேர்ச்சி பெறவில்லை' என்று அறிவித்துவிடுவார்கள். அந்தப் படிப்பு அங்கேயே முடிந்தது. அதே படிப்பில் ஜெர்மனியின் வேறு பல்கலைக்கழகம் எதுவும் பொதுவாகச் சேர்த்துக்கொள்ளாது. முயற்சிகள் எத்தனை, எது கட்டாயம் என்பதெல்லாம் உங்கள் படிப்புக்கான தேர்வு விதிகளில் இருக்கிறது. ஆங்கில மொழிபெயர்ப்பு படிக்க வசதியாக இருக்கும், ஆனால் தகராறு வந்தால் செல்லுபடியாவது ஜெர்மன் மூலம்தான்.

தேர்வு நாளில் காய்ச்சல் வந்தால் தைரியமாக எழுதப் போகாதீர்கள். எழுதிய பிறகு உடம்பு சரியில்லை என்று சொன்னால் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள். அன்றே மருத்துவரிடம் போங்கள். வேலைக்குப் போக இயலாது என்று தரும் வழக்கமான சான்று பல பல்கலைக்கழகங்களில் போதாது, தேர்வெழுத இயலாது என்று தனிப்படிவத்தில் எழுதி வாங்க வேண்டும். அந்தப் படிவத்தை இப்போதே அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சலோடு அச்சுக் கடை தேட முடியாது. தாமதமின்றிக் கொடுக்க வேண்டும். பல இடங்களில் மூன்று நாட்களே அவகாசம்.

சந்தேகம் கேட்கச் சிறந்த இடம் எந்த அலுவலகமும் அல்ல, உங்கள் துறை மாணவர்களின் குழுவான 'ஃபாக்‌ஷாஃப்ட்'. பழைய வினாத்தாள்களும் பெரும்பாலும் அவர்களிடம் கிடைக்கும். பல இடங்களில் மாணவர் பேரவை இலவசச் சட்ட ஆலோசனையும் வைத்திருக்கிறது. வாட்ஸ்ஆப் குழுவில் நம்மவர்கள் சொல்வதைக் கேளுங்கள், ஆனால் இன்னொரு ஊரில் படிக்கும் அண்ணன் சொன்ன விதி உங்கள் பல்கலைக்கழகத்தில் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

கடைசியாக, வெளிநாட்டவர் அலுவலகம். பெரிய நகரங்களில் நேரம் கிடைக்க மாதக்கணக்கில் ஆகும். நுழைவு விசா முடியும் முன்னரே வதிவிட அனுமதிக்கு விண்ணப்பித்துவிடுங்கள். முடிவு தாமதமானாலும் அதுவரை உங்கள் இருப்பு சட்டபூர்வமானதே. அதற்கான இடைக்காலச் சான்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஊருக்கு டிக்கெட் போடும் முன் அந்தச் சான்று திரும்பி வரவும் அனுமதிக்கிறதா என்று அங்கேயே எழுத்தில் கேட்டுவிடுங்கள். எல்லாச் சான்றும் ஒரே வகை அல்ல.