புதுச் சவரக்கத்தியை முகத்தில் வைப்பதற்கு முன்னால்

புதிதாக வாங்கிய சவரக்கத்தியைப் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு கன்னத்தில் வைத்துவிடாதீர்கள். பளபளவென்றுதான் இருக்கும், காகிதத்தைக் கொடுத்தால் சர்ரென்று கிழிக்கும். ஆனால் தாடி முடியை மழிக்காது, பிடுங்கும். தொழிற்சாலையில் போட்டு அனுப்பும் கூர் பெரும்பாலும் சவரத்துக்குப் போதாது. தீட்டிய பிறகே விற்கிறோம் என்று விற்பவர் தெளிவாகச் சொல்லியிருந்தால் ஒழிய, இன்னும் வேலை பாக்கி இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இது பிளேடு மாற்றிப் போடும் வகைக் கத்திக்கான விளக்கம் அல்ல. அதில் புது பிளேடைச் செருகினால் வேலை முடிந்தது. அலகு நிலையாக உள்ள, பிடிக்குள் மடங்குகிற பழைய பாணிக் கத்தியைப் பற்றித்தான் பேசுகிறேன்.

முதலில் கத்தியைப் பாருங்கள்

தடித்த மேல்பக்கம் முதுகு, மழிக்கிற பக்கம் வாய், பிடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பது வால். கத்தியை மெதுவாக மடக்குங்கள். வாய் பிடியின் இரண்டு பக்கத்திலும் உரசாமல் நடுவில் இறங்க வேண்டும். உரசினால், எவ்வளவு தீட்டினாலும் மூடும்போதெல்லாம் கூர் போய்க்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட கத்தியைத் திருப்பிக் கொடுத்துவிடுவதுதான் நல்லது.

அடுத்து, ஒரு விளக்கின் கீழ் வாய் மேலே பார்க்கும்படி கத்தியைப் பிடித்து மெல்லச் சாய்த்துப் பாருங்கள். நல்ல கூர் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாது. எங்காவது ஒரு புள்ளி மினுக்கினால் அந்த இடம் மழுங்கியிருக்கிறது, அல்லது பொக்கை விழுந்திருக்கிறது. லென்ஸ் இருந்தால் இன்னும் சுலபம்.

நுனி உருண்டையாக இருக்கிறதா, சதுரமாகக் குத்திட்டு நிற்கிறதா என்பதும் முக்கியம். காது மடலைக் கிழிப்பது சதுர நுனிதான். முதல் கத்திக்கு உருண்டை நுனியே போதும்.

எண்ணெயைத் துடைப்பது

துருப்பிடிக்காமலிருக்கப் புதுக் கத்தியில் எண்ணெய் தடவி அனுப்புவார்கள். அதோடு தோல்பட்டையில் (சவரத்துக்கு முன் வாயை நேராக்கத் தேய்க்கும் நீளமான தோல் வாரில்) தேய்த்தால் பட்டைதான் பிசுபிசுக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு, பஞ்சை நனைத்து, முதுகிலிருந்து வாயை நோக்கித் துடையுங்கள். வாயின் நீளவாட்டில் விரலை ஓட்டவே கூடாது. ஆணி இருக்கும் மூட்டில் தண்ணீர் நிற்க விடாதீர்கள், துரு முதலில் பிடிக்கிற இடம் அதுதான். மரப்பிடி என்றால் தண்ணீரில் முக்கவே வேண்டாம்.

தீட்டுவதை யாரிடம் விடுவது?

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: முதல் தடவை நீங்களே தீட்டாதீர்கள். சவரக்கத்தி தீட்டத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். கல் வாங்கும் செலவை மனத்தில் வைத்து இதைச் சொல்லவில்லை. நன்றாகத் தீட்டிய கத்தி முகத்தில் எப்படி ஓடும் என்று தெரியாதவருக்கு, முடி இழுபட்டால் காரணம் கல்லா, பட்டையா, பிடித்த கோணமா என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. மூன்றையும் ஒரே நேரத்தில் கற்றுக்கொள்ளப் போனால் மூன்றும் குழம்பும்.

நடப்பது என்னவென்று தெரிந்து வைத்திருப்பது நல்லதுதான். கத்தியைக் கல்லில் படுக்க வைக்கும்போது முதுகும் வாயும் ஒருசேரக் கல்லைத் தொடும். முதுகின் தடிமனும் அலகின் அகலமுமே கோணத்தை முடிவு செய்கின்றன. நீங்கள் எதையும் கணக்குப் போட வேண்டியதில்லை. வாய் முன்னே போகும்படி தள்ள வேண்டும். தீட்டுகல்லின் எண் ஏற ஏற அதன் பரப்பு நைசாகும்; 1000 எண் கல்லில் தொடங்கி, 4000, 8000, விரும்பினால் 12000 என்று ஏறிக்கொண்டே போவார்கள். 1000-இல் நடப்பதுதான் அஸ்திவார வேலை. வாயை ஒட்டி இரு பக்கமும் மெல்லிய கோடாகத் தெரிகிற சரிவுகள் அங்கேதான் ஒன்றையொன்று முழுசாகச் சந்திக்க வேண்டும். இதைச் சோதிக்க ஒரு மார்க்கர் பேனா போதும். சரிவில் மை பூசி, கல்லில் இரண்டு தள்ளு தள்ளிப் பார்த்தால், மை அழியாத இடத்தைக் கல் தொடவில்லை என்று அர்த்தம். வாய் ஓரத்தில் மை மிஞ்சியிருந்தால் மேலே உள்ள கல்லுக்குப் போய்ப் பயனில்லை.

சமையலறைக் கத்தி தீட்டும் கருவியிலோ, சுழலும் சாணைச் சக்கரத்திலோ இந்தக் கத்தியைக் காட்டவே கூடாது. மெல்லிய அலகு சூடேறி எஃகின் பதமே போய்விடும்.

தோல்பட்டையில் தேய்ப்பது

ஆரம்பக்காரர்கள் நல்ல கத்தியைக் கெடுப்பது பெரும்பாலும் இங்கேதான், அதனால் நிதானமாகப் படியுங்கள். தீட்டி வந்த கத்தியைக்கூட ஒவ்வொரு சவரத்துக்கும் முன்னால் பட்டையில் தேய்த்தாக வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அளவில் வளைந்திருக்கும் வாயை அது நேராக்கி மெருகேற்றுகிறது.

பட்டையின் ஒரு முனையைக் கொக்கியில் மாட்டி, மறு முனையைத் தொய்வில்லாமல் இழுத்துப் பிடியுங்கள். தொய்ந்தால் தோல் வாயைச் சுற்றி மடிந்து கூரை உருட்டிவிடும். கத்தியைத் தட்டையாகப் படுக்க வையுங்கள். முதுகும் வாயும் தோலைத் தொட்டிருக்க வேண்டும். இப்போது முதுகு முன்னே, வாய் பின்னே வரும்படி நகர்த்துங்கள். கல்லில் தள்ளியதற்கு நேர் எதிர்த்திசை இது. கடைசிக்கு வந்ததும் நிறுத்துங்கள். முதுகைத் தோலிலிருந்து எடுக்காமலே, புத்தகத்தில் தாள் புரட்டுவது போல, வாயை மேலே தூக்கி மறுபக்கம் சாய்த்துத் திரும்பி வாருங்கள். பட்டையில் வெட்டு விழுவது முக்கால்வாசி இந்தத் திருப்பத்தில்தான். முதுகுக்குப் பதில் வாய்ப்பக்கமாகத் திருப்பினால் தோல் போச்சு, கூரும் போச்சு.

கையின் பலம் வேண்டவே வேண்டாம், கத்தியின் எடை போதும். பட்டை அலகைவிடக் குறுகலாக இருந்தால் சற்றுக் குறுக்காக இழுத்து வாயின் முழு நீளமும் படும்படி பார்த்துக்கொள்ளுங்கள். தோல்பட்டையைப் போலவே துணியில் செய்த துணிப்பட்டையில் போய் வருவதாக 20 தடவை, பிறகு தோலில் 50 தடவை என்பது பலரும் வைத்திருக்கும் கணக்கு. வேகம் தேவையில்லை. வேகமாகத் தேய்ப்பதைப் பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

கை பழகும்வரை சாப்பாட்டு மேசையில் வெண்ணெய் தடவும் மழுங்கல் கத்தியை வைத்து இந்தத் திருப்பத்தைப் பயிற்சி செய்யுங்கள். பட்டையில் பூசித் தேய்க்கப் பச்சைப் பசை, மெருகுப் பசை என்று ஆசை காட்டுவார்கள். இப்போதைக்குத் தேவையில்லை. வெறும் தோலில் அதைப் பூசிவிட்டால் பிறகு எடுக்கவும் முடியாது.

சோதனை

முன்கை முடியில், தோலைத் தொடாமல் கால் அங்குலம் மேலே கத்தியை மெல்ல நகர்த்துங்கள். முடிகள் சத்தமில்லாமல் உதிர்ந்தால் கத்தி தயார். தோலோடு ஒட்டி மழித்தால் மட்டுமே வெட்டுகிறது என்றால் இன்னும் பட்டையில் தேய்க்கலாம்; அப்போதும் சரிவரவில்லை என்றால் மறுபடி கல்லுக்குத்தான் போக வேண்டும். கட்டைவிரல் நகத்தில் வாயை வைத்துப் பார்க்கும் வழக்கம் 1000 எண் கல்லின் கட்டத்துக்கு உரியது. முடித்த கூரில் அதைச் செய்தால் முடித்த வேலை வீணாகும்.

முதல் சவரம்

வெந்நீரில் முகம் கழுவி, ஈரம் ததும்பும் நுரையைத் தாராளமாகப் பூசுங்கள். முதல் நாள் இரண்டு கன்னம் மட்டும். மோவாயும் மேலுதடும் வழக்கமான ரேசருக்கே இருக்கட்டும்.

கத்தியைத் தோலில் தட்டையாக வைத்து, முதுகை அதன் தடிமனைப்போல் இரண்டு மடங்கு உயர்த்தினால் ஏறக்குறைய 30 டிகிரி வரும். மறு கையால் தோலை இறுக்கி இழுத்துப் பிடித்து, முடி வளரும் திசையிலேயே சின்னச் சின்ன இழுப்பாக நகர்த்துங்கள். கத்தி வாயின் நீளவாட்டில் ஒரு நூல்கூட நகரக் கூடாது, தோலை வெட்டுவது அந்த அசைவுதான். எங்காவது இழுபட்டால் அழுத்தாதீர்கள். கத்தியை எடுத்துக் கோணத்தைச் சரி செய்து, தோலை இன்னும் இறுக்கிப் பாருங்கள்.

முடிந்ததும் அலசி, முதுகிலிருந்து வாயை நோக்கித் துடைத்து, திறந்தபடியே கொஞ்ச நேரம் காய விட்டு மடக்குங்கள். ஈரமான குளியலறையில் வைக்க வேண்டாம். சில நாள் எடுக்கப்போவதில்லை என்றால் ஒரு துளி எண்ணெய் தடவி வையுங்கள். ரத்தம் படுகிற பொருள், ஆகவே வீட்டில் வேறு யாருக்கும் இந்தக் கத்தியை இரவல் தரக் கூடாது.