மூன்கேக்: சர்க்கரையில் கை வைக்காதீர்கள்

சீனர்கள் இலையுதிர்கால நடுவிழாவுக்குச் (Mid-Autumn Festival) செய்யும், பூரணம் வைத்த மூன்கேக் பற்றி வழக்கமாக வரும் முதல் புகார், திகட்டுகிறது என்பது. புகாரில் உண்மை இருக்கிறது. ஆனால் பாதிப் பழி சாப்பிடும் முறையைத்தான் சேரும். தென்சீனாவின் குவாங்டோங் வகையில் பெரிய மூன்கேக் ஒன்று ஏறக்குறைய 180 கிராம் இருக்கும். தாமரை விதை விழுதும் இரண்டு உப்பு மஞ்சள் கருவும் வைத்ததென்றால் 800 கலோரிக்குப் பக்கத்தில் போகும். ஒரு வேளைச் சாப்பாட்டுக்குச் சமமான அதை ஒரே ஆள் கையிலெடுத்துக் கடித்துத் தின்ன வேண்டும் என்று யாரும் செய்யவில்லை. எட்டுத் துண்டாக வெட்டி, ஆளுக்கு ஒன்றோ இரண்டோ எடுத்துக்கொண்டு, இடையிடையே பாலும் சர்க்கரையும் சேர்க்காத பூஅர் தேநீரோ ஊலாங் தேநீரோ குடிப்பதுதான் வழக்கம். வெட்டும்போது கத்தியை வெந்நீரில் நனைத்துத் துடைத்துக்கொண்டால் விழுது ஒட்டாது, மஞ்சள் கருவும் நொறுங்காது.

திகட்டலுக்குப் பயந்து, வீட்டில் செய்கிறவர்கள் முதலில் கை வைப்பது சர்க்கரையில். பெரும்பாலான தோல்விகள் அங்கேதான் தொடங்குகின்றன. மூன்கேக்கில் சர்க்கரைக்கும் எண்ணெய்க்கும் ருசியைத் தாண்டிய வேலை இருக்கிறது. தோலை மென்மையாக்குவதும், அச்சின் கோலத்தை நிறுத்துவதும், பூரணம் புளித்துப் போகாமல் காப்பதும் அவைதான்.

பாகு

குவாங்டோங் மூன்கேக்கின் தோலில் சர்க்கரை நேராகச் சேர்வதில்லை. எலுமிச்சைச் சாற்றின் புளிப்பில் நெடுநேரம் காய்ச்சிய பாகாகத்தான் சேர்கிறது. 1 கிலோ சர்க்கரைக்கு 500 மில்லி தண்ணீர், 50 கிராம் எலுமிச்சைச் சாறு. கொதித்ததும் தீயை நன்றாகத் தணித்துவிட வேண்டும். புளிப்பும் சூடும் சேர்ந்து சர்க்கரையைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைக்க நேரம் பிடிக்கும். 40 நிமிடத்துக்கு மேலாகும், ஒரு மணி நேரமும் ஆகலாம். வெப்பமானியில் 110 முதல் 115 டிகிரி செல்சியஸுக்குள் வந்து, நிறம் தேயிலை வடிநீர் போலச் சிவந்ததும் இறக்கிவிடலாம். ஆறிய பிறகு தேன் பதத்தில் இருக்க வேண்டும்.

இங்கே நடக்கும் தவறுகள் மூன்று. கொதிக்கத் தொடங்கிய பிறகு கரண்டியால் கிளறுவது ஒன்று. ஓரத்தில் ஒட்டிய சர்க்கரைப் படிகம் ஒன்று உள்ளே விழுந்தால் போதும், மொத்தப் பாகும் பூத்துப்போகும். ஓரத்தில் தெறித்ததை ஈரத் தூரிகையால் கழுவி இறக்கிவிட்டால் அந்தச் சிக்கல் இல்லை. நீர்த்த பதத்திலேயே இறக்கிவிடுவது இன்னொன்று. அந்தப் பாகில் பிசைந்த மாவு சுடும் அடுப்பில் (ஓவனில்) சரியும், கோலம் மழுங்கும். மூன்றாவது, காய்ச்சிய அன்றே பயன்படுத்துவது. குறைந்தது இரண்டு வாரம் ஊறவிட்ட பாகில்தான் நிறமும் மென்மையும் நன்றாக வரும். விழாவுக்கு ஒரு மாதம் முன்பே காய்ச்சி வைப்பவர்கள் உண்டு, போன வருடத்துப் பாகைப் பத்திரப்படுத்துபவர்களும் உண்டு. அவ்வளவு நேரம் இல்லையென்றால் கடையில் விற்கும் கோல்டன் சிரப் தாராளமாகப் போதும். தேனை வைத்து ஒப்பேற்றினால் வாசனை மாறும், அடுப்பில் நிறமும் சட்டென்று கருகும்.

தோலும் காரநீரும்

100 கிராம் மாவுக்கு 75 கிராம் பாகு, 25 கிராம் கடலை எண்ணெய், 2 கிராம் காரநீர் (lye water, கார உப்பு கரைத்த நீர்). மாவு புரதம் குறைந்த கேக் மாவாக இருக்கட்டும். முதலில் பாகும் காரநீரும் கலந்து, அதில் எண்ணெயை ஊற்றி, எண்ணெய் பிரிந்து நிற்காத அளவுக்குக் கலக்க வேண்டும். கடைசியில்தான் மாவு. மாவைச் சப்பாத்திக்குப் பிசைவதுபோல அழுத்திப் பிசைந்தால் பசையம் இறுகி, தோல் ரப்பராகி, அடுப்பில் சுருங்கும். கரண்டியால் மடித்து மடித்துச் சேர்த்தால் போதும். பிறகு மூடி வைத்து இரண்டு மணி நேரம் விட்டுவிடுங்கள். அந்த நேரத்துக்குப் பிறகும் கையில் ஒட்டினால் மேலும் ஒரு மணி நேரம் காத்திருக்கலாம். மாவை அள்ளிப் போட்டுச் சரிசெய்யப் பார்ப்பதுதான் தவறு.

காரநீரைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பாகில் மிஞ்சியிருக்கும் எலுமிச்சைப் புளிப்பை முறித்து, தோலுக்குச் செம்பழுப்பு நிறம் தருவது அதுதான். விட்டுவிட்டால் தோல் வெளிறி, இலேசாகப் புளிக்கும். அளவு மீறினாலோ நிறம் கருமைக்குப் போய், சோப்பை நக்கியதுபோல ஒரு கசப்பு நாக்கில் நிற்கும். 2 கிராமைக் கண்ணால் அளக்க முடியாது, சிறிய தராசு வேண்டும். காரநீர் கிடைக்காத ஊரில் சமையல் சோடாவைத் தட்டில் பரப்பி 130 டிகிரியில் ஒரு மணி நேரம் சூடாக்கி, அந்தத் தூளில் ஒரு பங்கை நான்கு பங்கு தண்ணீரில் கரைத்துக்கொள்ளலாம். இது தோலை எரிக்கக்கூடிய காரம் என்பதால் கையுறை போட்டுக்கொண்டு, குழந்தைகள் எடுக்க முடியாத இடத்தில் வைக்க வேண்டும். சமையல் சோடாவைச் சூடாக்காமல் அப்படியே போட்டால் வாயு கிளம்பித் தோல் உப்பும், கோலம் அழியும்.

பூரணம்

தாமரை விதை விழுது கசந்தால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். விதையின் நடுவில் இருக்கும் பச்சை முளையை எடுக்காமல் விட்டிருப்பார்கள். முளை நீக்கியது என்று விற்கும் விதையிலும் பத்துக்கு ஒன்றில் மிச்சம் கிடக்கும். ஊறவைத்த பிறகு ஒவ்வொன்றாகப் பிளந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. அலுப்பான வேலைதான்.

300 கிராம் உலர்ந்த விதைக்கு 240 கிராம் சர்க்கரை, 180 கிராம் கடலை எண்ணெய், 40 கிராம் மால்ட் பாகு. விதையை விரலால் நசுங்கும்வரை வேகவைத்து, நைசாக அரைத்து, அடி கனமான வாணலியில் கிளற வேண்டும். எண்ணெயை ஒரே தடவையில் ஊற்றினால் விழுது அதை ஏற்காமல் கக்கிவிடும். மூன்று நான்கு தடவையாக, முந்தையது முழுக்க உள்ளே போன பிறகே அடுத்ததை ஊற்றுங்கள். சர்க்கரையைப் பாதியாக்கிய விழுதில் ஈரம் தங்கும். அது அடுப்பில் ஆவியாகித் தோலைப் பிளக்கும், வெளியே வைத்தால் இரண்டு மூன்று நாளில் பூஞ்சை பிடிக்கும். கொஞ்சம் குறைத்தே ஆக வேண்டுமென்றால் 10 முதல் 15 சதவீதத்தோடு நிறுத்திக்கொண்டு, ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்து, நான்கு நாளுக்குள் தின்று முடித்துவிடுங்கள். உருட்டினால் கையில் ஒட்டாமல், அழுத்தினால் விரிசல் விடாமல் இருப்பதுதான் சரியான பதம்.

மஞ்சள் கரு வாத்து முட்டையுடையதாக இருக்க வேண்டும். கோழி முட்டையின் கருவில் அந்த எண்ணெய்ச் சத்தும் மணல்போல உதிரும் தன்மையும் வராது. உப்பில் ஊறிய பச்சை முட்டையை உடைத்து, கருவின் மேல் ஒட்டியிருக்கும் வெள்ளையைக் கழுவி, துளி மது தெளித்து, 170 டிகிரியில் ஆறேழு நிமிடம் சுட்டால் மேலே எண்ணெய் முத்துமுத்தாக அரும்பும். அதோடு எடுத்துவிட வேண்டும், அதற்கு மேல் போனால் கரு கல்லாகிவிடும். பச்சையாகவே வைத்துக் கட்டினால் அதன் ஈரம் விழுதோடு சேராமல் சுற்றிலும் இடைவெளி விழும். அவித்த உப்பு முட்டையிலிருந்து எடுத்த கரு இதற்கு உதவாது.

அச்சும் அடுப்பும்

100 கிராம் அச்சு என்றால் தோல் 30 கிராம், கருவோடு சேர்த்துப் பூரணம் 70 கிராம். கடைக்காரர்கள் 20க்கு 80 வரை போவார்கள். அது கைப்பழக்கத்தில் வருவது, முதல் தடவையே முயன்றால் பூரணம் வெளியே எட்டிப் பார்க்கும். கொழுக்கட்டைக்குச் சொப்புச் செய்வதுபோலக் குழித்து வைப்பதைவிட, தட்டிய தோலைப் பூரண உருண்டையின் மேல் போர்த்தி, உள்ளங்கைச் சதையால் சிறிது சிறிதாகக் கீழே தள்ளி மூடுவது எளிது, காற்றும் உள்ளே அடைபடாது. தோலும் பூரணமும் ஒரே அளவு மென்மையாக இருந்தால் அச்சில் இரண்டும் ஒன்றாக நகரும். அச்சில் தூவிய மாவைத் தட்டி உதறிவிடுங்கள். மிஞ்சிய மாவுதான் சுட்ட பிறகு வெள்ளைத் திட்டாகத் தெரிவது.

அடுப்பை 200 டிகிரிக்கு முன்கூட்டியே சூடாக்கி, கேக்கின் மேல் பனிபோல் தண்ணீர் தெளித்து, ஐந்து நிமிடம் சுட்டுக் கோலத்தை இறுகவிட வேண்டும். வெளியே எடுத்துச் சில நிமிடம் ஆறவிட்டு, ஒரு மஞ்சள் கருவோடு ஒரு மேசைக்கரண்டி வெள்ளைக்கருவை அடித்து வடிகட்டி, ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் மேடான கோடுகளில் மட்டும் தடவுங்கள். சொட்டச் சொட்டத் தடவினால் பள்ளத்தில் முட்டை தேங்கி, பூவும் எழுத்தும் மறைந்துபோகும். பிறகு 175 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம். பக்கவாட்டு பிதுங்கி வயிறு தள்ளியிருந்தால் பூரணத்தில் ஈரம் கூடுதல், அல்லது அடுப்பில் இருந்த நேரம் கூடுதல். அடிப்பகுதி பாவாடைபோல விரிந்திருந்தால் பாகு நீர்த்திருக்கிறது, அல்லது அடுப்பின் சூடு போதவில்லை.

அடுப்பிலிருந்து எடுத்த அன்றே ருசி பார்த்து, காய்ந்துவிட்டதே என்று மனம் உடைந்துபோகிறவர்கள் அதிகம். சுட்ட உடனே தோல் பிஸ்கட் மாதிரி இறுகித்தான் இருக்கும். முழுவதும் ஆறிய பிறகு காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு மூன்று நாள் வைத்தால் பூரணத்தின் எண்ணெய் தோலுக்கு ஏறும். பாகில் உள்ள ஃபிரக்டோஸும் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பளபளப்பும் மென்மையும் அப்போதுதான் வருகின்றன. சர்க்கரையும் எண்ணெயும் குறைத்துச் செய்ததை ஒரு வாரம் காத்தாலும் இந்த மாற்றம் நடக்காது. சூடாக இருக்கும்போதே டப்பாவை மூடுவதும் தவறு, ஆவி நீராகிப் பூஞ்சைக்கு வழிவிடும்.

எல்லா மூன்கேக்கும் ஒன்றல்ல

குவாங்டோங் வகையை மட்டும் தின்றுவிட்டு மூன்கேக்கே பிடிக்காது என்று முடிவுகட்டுவது அவசரம். சூஜோ வகை பஃப்ஸ்போல அடுக்கடுக்காக உதிரும். அதில் பன்றி இறைச்சி வைத்த காரமற்ற உப்பு மூன்கேக்கை ஷாங்காயில் வரிசையில் நின்று சுடச்சுட வாங்கித் தின்கிறார்கள். இரண்டு நாள் காத்திருக்கும் விதி இதற்குப் பொருந்தாது, ஆறினால் கொழுப்பு உறைந்து ருசி போய்விடும். யுன்னானில் சுவான்வெய் ஊரின் ஹாமை (உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடை) பொடியாக நறுக்கித் தேனும் சர்க்கரையும் கலந்து வைக்கிறார்கள். தியோச்சியூ வகையில் சேனைபோன்ற கிழங்கு விழுதைப் பூரணமாக்கி, சுருள் அடுக்குத் தோலை எண்ணெயில் பொரிப்பார்கள். ஹாங்காங்கின் பெனின்சுலா ஹோட்டலில் 1986இல் பிறந்த முட்டைக் கஸ்டர்ட் வகையை இலேசாகச் சூடாக்கித் தின்ன வேண்டும்.

சீனாவிலேயே அதிகம் திட்டு வாங்குவது ஐந்து பருப்பு மூன்கேக். 2013 வாக்கில் அதை மூன்கேக் உலகத்தை விட்டே விரட்ட வேண்டும் என்று இணையத்தில் பெரிய கேலி ஓடியது. கோபம் நியாயமானதுதான், குறி தப்பிவிட்டது. வறுக்காத பருப்பு, மலிவுக்காக அள்ளிப் போட்ட சிவப்புப் பச்சைச் சாய இழைகள், வேகாத ஒட்டரிசி மாவு, இவைதான் அதைக் கெடுத்தவை. வால்நட், பாதாம், எள், விதைப் பருப்புகளைத் தனித்தனியாக வறுத்து, சர்க்கரையில் ஊறிய வெண்பூசணித் துண்டுகளை அளவாகச் சேர்த்து, வறுத்த ஒட்டரிசி மாவால் பிணைத்தால் மற்ற எல்லா வகையையும்விடத் திகட்டாதது இதுதான் என்பது எங்கள் கட்சி.

சுடாமல் செய்யும் ஸ்னோஸ்கின் வகைக்குத் தனிக் கணக்கு. ஒட்டரிசி மாவு, பச்சரிசி மாவு, கோதுமை ஸ்டார்ச் மூன்றையும் பாலிலும் சர்க்கரையிலும் கரைத்து 25 நிமிடம் ஆவியில் வேகவைத்து, ஆறியதும் பிசைந்த தோல் அது. அச்சில் ஒட்டாமலிருக்கத் தூவும் மாவு வாணலியில் வறுத்ததாக இருக்கட்டும், பச்சை மாவை யாரும் வேகவைக்கப் போவதில்லை. ஃபிரிட்ஜில் இரண்டு மூன்று நாளுக்கு மேல் போனால் ஸ்டார்ச் இறுகித் தோல் கட்டியாகிவிடும். துரியான் பூரணம் வைத்ததை ஃபிரீசரில் வைத்து, தின்பதற்கு அரை மணி நேரம் முன்பு ஃபிரிட்ஜுக்கு மாற்றுவது நல்லது. வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள்.

வாங்கும்போதும் கொடுக்கும்போதும்

பெட்டியின் பகட்டைப் பார்த்து விலை கொடுப்பது பழைய தவறு. 2022 ஆகஸ்ட் முதல் சீனாவில் மூன்கேக் பெட்டிக்கு மூன்று அடுக்குக்கு மேல் கூடாது என்ற விதி இருக்கிறது. 500 யுவானுக்கு மேற்பட்ட பெட்டிகளை அதிகாரிகள் தனியாகக் கண்காணிக்கிறார்கள். தாமரை விழுது என்று எழுதியிருந்தால் உள்ளே முழுக்கத் தாமரை விதைதான் என்று நம்பிவிடவும் வேண்டாம். சீனத் தரவிதிப்படி, எண்ணெயும் சர்க்கரையும் நீங்கலாக மீதியில் 60 சதவீதம் விதை இருந்தாலே அந்தப் பெயர் போடலாம். சுத்தமான தாமரை விழுது என்று சொல்லத்தான் 100 சதவீதம் வேண்டும். சர்க்கரை இல்லாதது என்ற சீட்டு பெரும்பாலும் மால்டிடால் என்ற மாற்று இனிப்பைச் சேர்த்ததைக் குறிக்கும். எண்ணெயும் மாவும் அப்படியேதான் இருக்கும். நீரிழிவு உள்ளவர் அதை நம்பி முழுதாகத் தின்றால் இரத்தச் சர்க்கரையும் ஏறும், வயிறும் கலங்கும்.

சிங்கப்பூர், மலேசியாவில் சீன நண்பர்கள் வீட்டிலிருந்து பெட்டி வந்தால் சைவக்காரர்கள் மேலே தடவிய முட்டையையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். பழைய முறையில் செய்தவற்றில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம், ஐந்து பருப்பு வகையில் ஹாம் துண்டும் கலந்திருக்கலாம். ஹலால் முத்திரை பன்றி இல்லை என்பதற்கு உறுதி, முட்டை இல்லை என்பதற்கு அல்ல. சைவம் என்று தனியாகக் குறித்த பெட்டிகள் அங்கே எளிதாகக் கிடைக்கின்றன.

நீங்கள் கொடுப்பதென்றால் விழாவுக்கு இரண்டு மூன்று வாரம் முன்னால் கொடுங்கள். விழா சீன நாட்காட்டியின் எட்டாம் மாதம் 15ஆம் நாள் வருவதால் ஆங்கிலத் தேதி ஆண்டுதோறும் மாறும்: 2025இல் அக்டோபர் 6, 2026இல் செப்டம்பர் 25. மறுநாளே கடைகளில் பாதி விலைக்கு வந்துவிடும். வீட்டுக்கு வாங்கிக்கொள்ள அது நல்ல சமயம், பரிசாகக் கொடுக்க அல்ல. வந்த பெட்டியை இன்னொருவருக்குத் தள்ளிவிடுபவர்கள் அடியில் உள்ள காலாவதித் தேதியையும் ஒரு தடவை பார்த்துவிட்டுத் தள்ளலாம்.