சாணத்தை எடை போட்ட பிறகே செங்கல்: வீட்டுச் சாண எரிவாயுக் கலன் அமைக்கும் முறை

சாண எரிவாயுக் கலன் என்பது, நீரில் கரைத்த சாணத்தை நுண்ணுயிர்கள் செரித்து அடுப்புக்கு வாயு தரும் மூடிய தொட்டி. இத்தகைய திட்டம் ஒரு சிற்றூரில் நிலைக்காமல் போவதற்கு, தொழுவத்தில் கிடைக்கும் சாணத்துக்கு மீறிய அளவில் கலனைக் கட்டிவிடுவதும், கட்டி முடித்த பிறகு பழுது பார்க்க ஊருக்குள் ஆள் இல்லாததும் முக்கியக் காரணங்கள். இரண்டையும் தொடக்கத்திலேயே தவிர்க்கலாம்.

முதல் வேலை, ஒரு வாரம் தொடர்ந்து காலையில் அள்ளும் சாணத்தை நிறுத்துக் குறித்து வைப்பது. கட்டிப்போட்டு வளர்க்கும் மாடு நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 கிலோ சாணம் போடும். மேயப் போகும் மாட்டின் சாணம் முழுவதும் தொழுவத்துக்கு வந்து சேராது. 25 கிலோ சாணம் ஏறக்குறைய 1 கன மீட்டர் வாயு தரும். நான்கைந்து பேர் கொண்ட குடும்பத்தின் சமையலுக்கு 2 கன மீட்டர், அதாவது தினமும் 50 கிலோ சாணம் வேண்டும். அவ்வளவு கிடைக்காதவர்கள் பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து கட்டலாம். ஆனால் யார் கரைப்பது, யாருக்கு எந்நேரம் அடுப்பு என்பதைக் குழி வெட்டும் முன்பே பேசி முடித்துவிட வேண்டும்.

அடுத்தது கொள்ளளவு. 50 கிலோ சாணமும் 50 லிட்டர் நீரும் சேர்ந்த கரைசல் ஏறத்தாழ 100 லிட்டர். வெப்பமான பகுதியில் அது 40 நாள் உள்ளே இருந்து செரிக்க வேண்டுமென்றால், கரைசலுக்கு மட்டும் 4,000 லிட்டர் இடம் தேவை. குளிர் மிகுந்த இடங்களில் நுண்ணுயிர்கள் மெதுவாகச் செயல்படுவதால் நாட்களும் கொள்ளளவும் கூடும். வெயில் விழுகிற, மழைநீர் தேங்காத, தொழுவத்துக்கும் சமையலறைக்கும் அருகிலுள்ள இடத்தைத் தேர்ந்தெடுங்கள். குடிநீர்க் கிணறு குறைந்தது 15 மீட்டர் தள்ளி இருக்கட்டும். குமிழ் வடிவ மூடியின் உட்பூச்சில் மயிரிழை விரிசல் இருந்தாலும் வாயு கசிந்துவிடும் என்பதால், பயிற்சி பெற்ற கொத்தனாரைக் கொண்டே கட்டுங்கள். அவரோடு உள்ளூர்க் கொத்தனார் ஒருவரும் வேலை செய்து பழகிக்கொண்டால், பின்னாளில் பழுது பார்க்க வெளியாளைத் தேட வேண்டியிராது.

வாயுவுடன் வரும் ஈரம் குழாயில் குளிர்ந்து நீராகும். ஆகவே குழாயைச் சற்றுச் சரிவாகப் போட்டு, மிகத் தாழ்ந்த இடத்தில் நீர் வடிப்பான் பொருத்துங்கள். இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவினால், கசிவு இருக்குமிடத்தில் குமிழிகள் ஒவ்வொன்றாக உப்பி எழும். தீக்குச்சி கொளுத்திச் சோதிப்பது பேராபத்து.

முதல் நிரப்பலுக்குச் சாணத்தைச் சம அளவு நீரில் கையால் பிசைந்து கரையுங்கள். விரல்களில் தட்டுப்படும் வைக்கோலையும் கற்களையும் எடுத்து எறிந்துவிடுங்கள், ஏனெனில் வைக்கோல் மேலே ஏடாகப் படியும், மணல் அடியில் தங்கி இடத்தை அடைக்கும். ஏற்கெனவே இயங்கும் கலனிலிருந்து சில வாளி குழம்பு கொண்டுவந்து ஊற்றினால் செரிமானம் விரைவில் தொடங்கும். இரண்டு முதல் நான்கு வாரங்களில் வாயு சேரும். முதலில் வருவதில் காற்றும் கரியமில வாயுவும் கலந்திருக்கும். அருகில் நெருப்பே இல்லாதபோது அதை வெளியேற்றிவிடுங்கள். பிறகு வரும் வாயு அணையாமல் எரியத் தொடங்கியதும் தினசரிக் கரைசலை ஊற்றலாம். இதற்கென்றே செய்த பர்னர் வேண்டும். தீ நீலமாக எரிவதே சரியான நிலை. மஞ்சளாக எரிந்தால் காற்றுத் துளையைச் சரிசெய்யுங்கள்.

எக்காரணம் கொண்டும் கலனுக்குள் யாரும் இறங்கக்கூடாது. உள்ளே மூச்சுவிடப் போதிய ஆக்சிஜன் இராது, நச்சு வாயுவும் தங்கியிருக்கும். காப்பாற்ற இறங்குபவரும் உயிரிழப்பார்.

1 கன மீட்டர் வாயு ஏறத்தாழ மூன்றரை கிலோ விறகுக்கு ஈடு; புகையும் இல்லை. ஆயினும் விறகு சுமந்த அதே பெண்ணின் தோளில் சாணம் கரைப்பதும் நீர் சுமப்பதும் ஏறினால் அவருக்கு மிஞ்சும் நேரம் மிகக் குறைவு. அந்த வேலையை வீட்டிலுள்ள ஆண்களும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதை நான் கட்டுமானத்தின் ஒரு பகுதியாகவே கருதுகிறேன்.

வெளிவரும் குழம்பில் பயிருக்கு வேண்டிய தழைச்சத்து பெரும்பாலும் அப்படியே இருக்கும். நிழலான குழியில் சருகுகளோடு அடுக்கடுக்காகச் சேர்த்து மட்கவிடுங்கள். மாடில்லாத வீட்டார் சருகு கொடுத்து உரத்தில் பங்கு பெறலாம். ஊரில் இருவரைப் பழக்கி, மாதம் ஒருமுறை வடிப்பானில் தேங்கிய நீரை அகற்றவும், சோப்பு நீர்ச் சோதனை செய்யவும், வெடித்த ரப்பர்க் குழாயை மாற்றவும் பொறுப்பு கொடுங்கள்.