முதல் தொகுதியில்தான் தொடங்க வேண்டுமா? தேச வரலாற்று வரிசைகளை வாசிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு நாட்டின் வரலாற்றை ஐந்தாறு தொகுதிகளில், பொது வாசகருக்கென்று எழுதிய நூல்களை ஆசையாக வாங்குபவர்கள் பலர்; படித்து முடிப்பவர்கள் சொற்பம். இதற்குச் சோம்பலைக் குறைசொல்வது வழக்கம். தொடங்கிய இடம் தவறாகிப்போனதுதான் பெரும்பாலும் காரணம் என்பேன்.

அட்டையில் 1 என்று இருப்பதாலேயே அது முதலில் எழுதப்பட்டது என்று நம்பிவிடுகிறோம். டேவிட் ஹியூம் ஆறு தொகுதிகளில் எழுதிய இங்கிலாந்து வரலாற்றில் 1754இல் முதலில் வெளிவந்தது ஸ்டூவர்ட் மன்னர்கள் பற்றிய பகுதி. அடுத்து, அவர்களுக்கு முன் ஆண்ட டியூடர் மன்னர்கள். ஜூலியஸ் சீசரின் படையெடுப்பிலிருந்து தொடங்கும் பகுதி கடைசியாகத்தான் வந்தது. இன்று அதுதான் முதல் தொகுதி. வரிசைப்படி படிப்பவர், ஆசிரியர் முடித்த இடத்தில் நுழைகிறார். ஹியூம் எதில் தொடங்கினாரோ ஸ்டூவர்ட் காலத்து அந்த மன்னர்–நாடாளுமன்ற மோதலை எட்ட வாசகர் ஐந்தாம் தொகுதிவரை பொறுக்க வேண்டும். எத்தனை பேர் பொறுப்பார்கள்?

பலர் சேர்ந்து எழுதும் வரிசைகளில் இந்தக் குழப்பம் இன்னும் கூடும். ஆர்.சி. மஜும்தாரைப் பொதுப் பதிப்பாசிரியராகக் கொண்டு பாரதிய வித்யா பவன் வெளியிட்ட இந்திய வரலாறு 11 தொகுதிகள். வெளிவந்த காலம் 1951 முதல் 1977 வரை. ஆங்கிலேயர் ஆட்சியைப் பேசும் ஒன்பதாம் தொகுதி 1963இலேயே வந்துவிட்டது. முகலாயர் பற்றிய ஏழாம் தொகுதி 1974இலும், மராட்டியர் பற்றிய எட்டாம் தொகுதி 1977இலும்தான் வந்தன. எட்டை முடித்து ஒன்பதைக் கையில் எடுப்பவர் கதையில் முன்னே போகிறார், ஆய்வில் 14 ஆண்டுகள் பின்னே போகிறார்.

ஆகவே எந்தத் தொகுதியைத் திறந்தாலும் முதலில் பதிப்பு விவரப் பக்கத்தைப் பாருங்கள். மறுபதிப்பு ஆண்டைப் பார்த்து ஏமாறுவதும் சகஜம். தாளும் அட்டையும் புதிதாக இருக்கலாம், உள்ளே இருப்பது பழைய ஆய்வாகவே இருக்கும். மஜும்தார் வரிசையின் முதல் தொகுதி 1951இல் வந்தது. சிந்துவெளி நாகரிக நகரமான லோத்தலில் அகழாய்வு தொடங்கியதோ 1955இல். இன்னொரு சிந்துவெளி நகரமான தோலாவீராவின் அகழாய்வு அதற்கும் வெகுகாலம் பிந்தியது. சிந்துவெளியைப் பற்றி அந்தத் தொகுதியை மட்டும் நம்பி வாதாடுபவர்களைக் கண்டால் எனக்குப் பாவமாக இருக்கும்.

ஒரே ஆசிரியர் எழுதியதென்றால் குரலும் ஒன்றாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். பிரெஞ்சு வரலாற்றை எழுதிய மிஷலே, இடைக்காலம் பற்றிய ஆறு தொகுதிகளை 1844இல் முடித்துவிட்டுப் பிரெஞ்சுப் புரட்சிக்குத் தாவினார். 1855இல் மறுமலர்ச்சிக் காலத்தை எழுதத் திரும்பியபோது, முன்பு பரிவோடு எழுதிய அதே இடைக்காலத்தைச் சாடினார். அவருடைய கருத்து எது என்று யாராவது கேட்டால், எந்த ஆண்டின் மிஷலே என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

தலைப்பை வைத்துக் காலப்பரப்பை ஊகிப்பதும் ஆபத்து. மெக்காலேயின் ஐந்து தொகுதி இங்கிலாந்து வரலாறு, பழங்காலத்தைத் தொடக்கத்தில் விரைவாகக் கடந்துவிட்டு, 1685 முதல் 1702 வரையிலான காலத்திலேயே தங்கிவிடுகிறது. 1859இல் அவர் இறந்துவிட்டதால் ஐந்தாம் தொகுதி அதன் பிறகே வெளியானது. முழு வரலாறு என்று நம்பி வாங்கியவருக்கு ஏமாற்றம்தான். ஆனாலும் அந்த 1685ஆம் ஆண்டு இங்கிலாந்தின் சாலைகள், நகரங்கள், மக்கள் வாழ்க்கை ஆகியவற்றை விவரிக்கும் மூன்றாம் அத்தியாயத்தைத் தனியாகவே எடுத்துப் படிக்கலாம்.

மொத்த வரிசையையும் ஒரேயடியாக வாங்குவதை விட, உங்களுக்கு ஏற்கெனவே ஓரளவு தெரிந்த காலத்தைப் பேசும் தொகுதியை நூலகத்தில் எடுத்து ஓர் அத்தியாயம் படித்துப் பாருங்கள். தெரிந்த சங்கதியிலேயே ஆசிரியர் சறுக்கினால், தெரியாத நூற்றாண்டுகளுக்கு அவரை நம்பிப் போக வேண்டியதில்லை.